கழித்துவிட்ட இருபத்தெட்டு கிலோ

மார்ச் 4, செவ்வாய்

பார்சல் ஆபீஸில் இன்று நூற்றுப் பன்னிரண்டு மூட்டை. என் மேஜையிலிருந்து தெருவும் எடைமேடையும் மட்டும் தெரியும். காலையில் வந்ததும் காலி டிராலியை மேடையில் ஏற்றிப் பொத்தானை அமுக்குவேன். டிராலியின் எடை கழிந்து திரையில் பூஜ்யம் வரும். அதன்பின் பெரும்பாலும் மூட்டைகள் டிராலியோடுதான் ஏறும், திரை மூட்டையின் எடையை மட்டும் சொல்லும். டிராலி இறங்கிவிட்டால் காலி மேடை −28 காட்டும். வேலைக்குச் சேர்ந்த வாரம் அது வேடிக்கையாக இருந்தது. ஒன்றுமில்லாததற்கும் கீழே ஒன்று. "தத்துவம் படிச்ச பொண்ணுக்கு ஏத்த வேலைதாம்மா" என்றார் மீசை. (எங்கள் லோடுமேன். மீசை கிடையாது.) இப்போது அந்தக் குறி கண்ணில் படுவதே இல்லை.

வீட்டுக்கு வந்தால் அண்ணன் இடது காலை நாற்காலி மேல் தூக்கி வைத்திருந்தான். கெண்டைக்கால் வீங்கிப் பளபளவென்று இருக்கிறது.

"பதினாறு மணி நேரம் டாக்ஸில உக்காந்தா வீங்காதா? வாயுடி அது. தானா இறங்கிடும்."

மார்ச் 5, புதன்

இறங்கவில்லை. அண்ணி டாக்ஸிச் சாவியை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டாள். "டாக்டரைப் பாத்துட்டு வந்தாத்தான் சாவி."

மார்ச் 6, வியாழன்

வாயு இல்லை. கால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியிருக்கிறது. ஸ்கேன் எடுத்த இடத்தில் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்கள். தெருமுனைக் கிளினிக் டாக்டரம்மா காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். கட்டி இங்கே. உடைந்தால் இப்படி மேலே போகும். நுரையீரலில் பேனாவை நிறுத்தினார். அந்த இடத்தில் மை பரவிவிட்டது.

"இன்னிக்கே ஊசி ஆரம்பிக்கணும். எடை எவ்வளவு?"

"குத்துமதிப்பா..." என்று அண்ணன் மின்விசிறியைப் பார்த்தான்.

"குத்துமதிப்பு ஆகாதுங்க. இந்த மருந்து கிலோ கணக்கு."

கிளினிக் மெஷினில் ஏறினான். முள் ஒரே ஓட்டமாக ஓடி நூற்று முப்பதில் முட்டி நின்றது. அதற்கு மேல் எண்ணே இல்லை. நர்ஸ் அங்கிருந்தபடியே கத்தினாள்: "டாக்டர், முள்ளு முடிஞ்சுபோச்சு!" காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். அண்ணன் மெல்ல, மெஷினுக்கு வலித்துவிடப் போகிறது என்பதுபோல இறங்கினான்.

நான்தான் சொன்னேன். எங்க ஆபீஸ்ல பெரிய மெஷின் இருக்கு.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். பின்வாசல் வழியாகக் கூட்டிப்போனேன். டிராலி சுவரோரம் நின்றது. அண்ணன் செருப்பைக் கழற்றினான், போனையும் பர்சையும் என் மேஜையில் வைத்தான், மேடையில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டான். நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது வந்துவிடுவார்களோ, அண்ணனை மூட்டை நிறுக்கும் இடத்தில் பார்த்துவிடுவார்களோ என்று. திரும்பிப் பார்த்தபோது திரையில் 142.

"எவ்வளவுடி?"

"நூத்தி நாப்பத்திரெண்டு."

கண்ணைத் திறந்தான். "நெஜமாவா? நான் நூத்தி எழுபதத் தாண்டியிருப்பேன்னுல்ல நெனச்சேன்!" சிரித்தான். நானும் சிரித்தேன். பார்சல் சீட்டில் எழுதி டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். காலை ஏழு, மாலை ஏழு, தினம் இரண்டு ஊசி, வயிற்றில். அண்ணி போடக் கற்றுக்கொண்டாள்.

வெளியே வரும்போது டாக்டரம்மா என்னை மட்டும் நிறுத்தினார். "மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா, ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க."

அப்போதிலிருந்து அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகூட.

மார்ச் 7, வெள்ளி

பயத்துக்கு என்ன எடை?

(இப்படியெல்லாம் எழுதாதே.)

அண்ணனின் பழைய புகைப்படம் ஒன்று. அவனுக்கு இருபத்திரண்டு. அப்பா இறந்த வருடம், அவன் டாக்ஸி ஓட்டத் தொடங்கிய வருடம். தோள், முகவாய், கை, எல்லாம் இப்போது எனக்கு இருப்பதுபோலவே. எனக்கு இருபத்தைந்து. பதினாறு வருடத்தில் அந்த உடம்பு எங்கே போயிற்று? யார் எடுத்துப்போனது? எனக்குள்ளும் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறாரா?

எனக்கு ஒரு விடை இருந்தது. இதுவரை எழுதாத விடை. மனசு வைத்தால் குறைக்கலாம், அவன் வைக்கவில்லை. அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். நாலு வருடம் பல்கலைக்கழகத்தில் மனித சுதந்திரத்தைப் பற்றிப் படித்துவிட்டு, அதை என் அண்ணன் தட்டின் மேல் பிரயோகித்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணன் மகள் குட்டி கேட்டாள். அவளுக்கு எட்டு வயது. "அப்பா, நானும் உன்ன மாதிரி ஆயிடுவேனா?"

அண்ணன்தான் சொன்னான்: "ஆக மாட்ட. நீ உங்கம்மா ஜாடை. கோவம் வந்தா ஒரே மூச்சுல நாலு மாடி ஏறுவா."

குட்டி சிரித்தாள். அண்ணி அவள் கையிலிருந்த இரண்டாவது ரொட்டியை எடுத்துவிட்டாள்.

இதை எழுதி முடிப்பதற்குள் ஆறு பிஸ்கட் தின்றிருக்கிறேன். பசி இல்லை.

மார்ச் 8, சனி

எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்று மணி இருக்கும். டிராலிச் சக்கரம் சிக்கிக்கொண்டது. மீசை பெட்டியைக் கையாலேயே தூக்கி மேடையில் வைத்தார். "டிராலி இல்லாம ஏத்திட்டேன்மா, இருபத்தெட்டு கூட்டிக்கோ." எப்போதும் சொல்வதுதான். நானும் எப்போதும்போல் கூட்டி எழுதினேன். அறுபத்தொன்று, எண்பத்தொன்பது.

பேனா நின்றது.

அவன் டிராலி இல்லாமல் ஏறினான்.

செருப்பைக் கழற்றினான், பர்சை எடுத்து வைத்தான், ஒவ்வொரு கிராமாகக் குறைத்துக்கொண்டு ஏறினான். மெஷின் அவனிடமிருந்து இருபத்தெட்டு கிலோவைக் கழித்துவிட்டுச் சொன்னது. தினம் முப்பது தடவை இந்தக் கூட்டலைப் போடுகிறேன். மூட்டைக்குப் போட்டேன், பெட்டிக்குப் போட்டேன், அண்ணனுக்குப் போடவில்லை.

142 + 28.

"என்னம்மா, மூஞ்சி சுண்ணாம்படிச்ச மாதிரி ஆயிடுச்சு?" என்றார் மீசை.

"ஒண்ணுமில்ல."

நூற்று எழுபது கிலோ ஆளுக்கு நூற்று நாற்பத்திரண்டுக்கான ஊசி. இதுவரை நாலு ஊசி. அப்படியே ஓடி வந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஓடி வந்தேன்.

வாசலில் அண்ணன் போனில்: "நூத்தி நாப்பத்திரெண்டுதான்டா மாப்ள! டாக்டரம்மாவே அசந்துட்டாங்க... அட, அடுத்த மாசம் நூத்தி முப்பது, பாத்துட்டே இரு!" என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அவன் முகம் அப்படி இருந்து எத்தனை வருடம்?

சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கிளினிக் விடுமுறை.

டாக்டரம்மாவின் போன் எண் மருந்துச் சீட்டில் இருக்கிறது. அழைக்கலாம். அழைக்கவில்லை.

ஏன்? எழுது. ஒன்று, வீக்கம் குறைந்திருக்கிறது, அல்லது குறைந்ததுபோல் இருக்கிறது. அப்படியானால் மருந்து போதுமோ என்னவோ. (பொய். உனக்கு என்ன தெரியும்?) இரண்டு, அண்ணன் இன்று தெருக்கோடி வரை நடந்தான், தானாக, யாரும் சொல்லாமல். மூன்று, அண்ணி. பெண்ணே, ஒரு எண்ணை ஒழுங்காகப் பார்க்கத்தானே உனக்குச் சம்பளம் என்று அண்ணி கேட்கமாட்டாள். கேட்கமாட்டாள் என்பதுதான் பயம்.

மூன்றில் எதுவும் அவனுக்காக இல்லை. இரண்டாவதுகூட. அவன் சந்தோஷத்தை நான் கொடுத்தேன். அதைத் திரும்ப வாங்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

மாலை ஏழு மணி ஊசி. அண்ணி மருந்தைக் கோடு வரை இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, குமிழியைத் தட்டி எடுத்தாள். எவ்வளவு கவனம். தப்பான கோட்டில் எவ்வளவு கவனம்.

நாளை எட்டு மணி. கிளினிக் திறந்த உடனே. சத்தியம்.

மார்ச் 10, திங்கள்

ஆஸ்பத்திரித் தாழ்வாரம். இந்த நோட்டு எப்படிப் பைக்குள் வந்தது என்று தெரியவில்லை. கையில் ஏதாவது இருக்க வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

ஏழேகாலுக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மூச்சு... உள்ள போக மாட்டேங்குது..." உதட்டின் நிறத்தை எழுதமாட்டேன்.

ஆம்புலன்ஸில் வந்த இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார்கள், அண்ணனைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கீழ்வீட்டுக்காரர்கள் மூன்று பேர் வந்து கைகொடுத்தார்கள். இரண்டு மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் அண்ணன் — மூச்சே இல்லாத அண்ணன் — "மன்னிச்சுக்குங்க... மன்னிச்சுக்குங்க..." என்றான். தன் எடைக்காக. தூக்குகிறவர்களிடம்.

அவசரப் பிரிவு. ஓர் இளம் டாக்டர், ஓடிக்கொண்டே கேட்டார்: "எந்த எடைக்கு ஊசி போட்டுட்டு இருக்கீங்க?"

"நூத்தி நாப்பத்திரெண்டு" என்றாள் அண்ணி, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல.

"இல்ல."

என் குரல்தான் அது.

"நூத்தி எழுபது. மெஷின்ல டிராலிக் கழிவு இருந்துச்சு. நான் பாக்கல. நூத்தி எழுபது, டாக்டர்."

அவர் நிற்கக்கூட இல்லை. உள்ளே பார்த்துக் கத்தினார்: "நூத்தி எழுபது!" திரை மூடிக்கொண்டது.

"எப்போ தெரியும்?" கேட்டது அண்ணி.

"சனிக்கிழமை."

அண்ணி என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். இதை எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறாள். நடுவில் ஒரு காலி நாற்காலி. இல்லை, இரண்டு.

மார்ச் 11, செவ்வாய்

உயிரோடு இருக்கிறான். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்வதில்லை.

மார்ச் 12, புதன்

கிளினிக்குக்குப் போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"சரியான அளவு போட்டிருந்தா நுரையீரலுக்குப் போயிருக்காதா?"

கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "சரியான அளவு போட்டவங்களுக்கும் போயிருக்கு. இதனாலதான்னு நான் சொல்லமாட்டேன். இதனால இல்லைன்னும் சொல்லமாட்டேன்." பிறகு, "அந்தச் சீட்டை நானும் சந்தேகப்பட்டிருக்கணும். என் கிளினிக்ல அவருக்கு ஏத்த மெஷின் இல்லாமப் போனது உன் தப்பு இல்ல."

சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து திங்கட்கிழமை ஏழேகால் வரை? அது யார் தப்பு? அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அண்ணி கேட்டாள். ஆஸ்பத்திரிக் குழாயடியில், பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "காலர் ஒரு நூல் தப்பாத் தைச்சாலும் எங்க தையல் கம்பெனி சூப்பர்வைசர் அங்கேயே பிரிச்சுத் தைக்கச் சொல்வாரு. தப்பு யாருக்கும் வரும். பிரிக்கிறதுக்கு உனக்கு ரெண்டு நாள் இருந்துச்சு."

பாட்டில் நிரம்பி வழிந்தது. மூடினாள், போய்விட்டாள்.

மார்ச் 14, வெள்ளி

இன்று பேசினான். மூக்கில் குழாய்.

"இருபத்தெட்டு கிலோவ எங்கடி ஒளிச்சு வெச்சிருந்த?"

அழுதுவிட்டேன். வார்டில் அத்தனை பேர் முன்னால், மூக்கு ஒழுக.

"சரி, விடு. பாக்கறவங்க நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கப் போறாங்க."

பிறகு, மேலே பார்த்தபடி: "ஆறு வருஷம் முன்னாடி காது வலின்னு ஒரு டாக்டர்கிட்ட போனேன். காதைப் பாக்கவே இல்ல. 'மொதல்ல எடையைக் குறைச்சுட்டு வாங்க'ன்னாரு. குறைச்சுட்டுப் போலாம்னு இருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. குறையல. போகல."

ஆறு வருடம். காது என்ன ஆயிற்று என்று கேட்டேன். இடது பக்கம் சரியாகக் கேட்காதாம். நாங்கள் கூப்பிட்டால் திரும்பாதபோதெல்லாம் சோம்பல் என்று நினைத்தோமே — சோம்பல் என்று நினைத்தேனே.

"நூத்தி நாப்பத்திரெண்டா இருந்த அந்த நாலு நாள் நல்லா இருந்துச்சுடி" என்றான். குற்றம் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 17, திங்கள்

வார்டு டாக்டர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த முதல் ஆள் இவர்தான். நடுவயதுக்காரர். சட்டைப்பையில் சீப்பு.

எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க? நாலு. எத்தனை மணிக்குப் படுப்பீங்க? பதினொண்ணு, பன்னெண்டு. குறட்டை? அண்ணன் யோசிப்பதற்குள் பக்கத்துக் கட்டில்காரர் பதில் சொன்னார்: "ஐயா, இவரு குறட்டைக்கு எங்க வார்டே ராத்திரி ஆடுது." எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். பகல்ல தூங்கி வழியுமா? சிக்னல்ல நின்னா கண்ணு செருகும். எங்க சாப்பிடுவீங்க? ஸ்டியரிங்லதான். எப்ப நிறையச் சாப்பிடுவீங்க? வீட்டுக்கு வந்து, பத்து மணிக்கு மேல. ஏன்? அண்ணன் கையை விரித்தான். "அது ஒண்ணுதாங்க என் நேரம். அப்ப யாரும் ஹார்ன் அடிக்க மாட்டாங்க."

குடும்பத்துல யாருக்கு? அப்பாவுக்கு. அப்பாவும் இப்படித்தான்.

முக்கால் மணி நேரம். பிறகு சொன்னார், அண்ணனிடம் மட்டும் இல்லை, எங்கள் மூன்று பேரிடமும்: "சாப்பாட்டைக் குறைன்னு மட்டும் சொல்லி அனுப்பினா அது வைத்தியம் இல்ல, திட்டு. திட்டினா யாரும் இளைக்க மாட்டாங்க, ஒளிய ஆரம்பிப்பாங்க. தூக்கத்தைச் சரி பண்ணணும். குறட்டைக்கு ஒரு சோதனை இருக்கு. ஒரு மணிக்கு ஒரு தரம் வண்டியை விட்டு இறங்கி நடக்கணும். சாப்பாடு நேரத்தோட, வீட்டோட, உக்காந்து. மெதுவாத்தான் குறையும். திரும்ப ஏறவும் செய்யும். ஏறினாலும் என்கிட்ட வரணும். அதுதான் முக்கியம், ஏறினா வரணும்."

அவர் போனபிறகு அண்ணன் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தான்.

"இதுவரைக்கும் எல்லாரும் சொல்லியிருக்காங்க. யாரும் கேட்டதில்ல."

என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் என்பதில் நானும் உண்டு.

மார்ச் 22, சனி

வீட்டுக்கு வந்துவிட்டான். மாத்திரைக்கு மாறும்வரை ஊசி தொடரும். அண்ணிதான் போடுகிறாள். அந்த நேரத்தில் நான் சமையலறைக்குப் போய்விடுகிறேன். என்னிடம் அவள் பேசுவது: கதவு. பால். குட்டி.

பயம் போய்விடும் என்று நினைத்தேன். இடம்தான் மாறியிருக்கிறது. நேற்று அண்ணி அலமாரியிலிருந்த பிஸ்கட், வறுவல், ஜாம் எல்லாவற்றையும் பையில் கட்டி வெளியே போட்டாள். இன்று குட்டியின் படுக்கையை உதறினேன். தலையணைக்கு அடியில் துணியில் சுற்றிய ரொட்டித் துண்டு. காய்ந்து ஓடாக.

"எதுக்குடா செல்லம்?"

"பசிச்சா?" என்றாள், கேள்வியாக. பிறகு மெதுவாக, "அம்மாகிட்ட சொல்லாத."

எட்டு வயதில் ஒளிக்கத் தொடங்கிவிட்டாள். இப்படித்தான் தொடங்குமா? அண்ணன் கையிலிருந்தும் யாராவது ரொட்டியைப் பிடுங்கினார்களா?

சொல்லாதே என்கிறாள். ஒரு தடவை சொல்லாமல் இருந்து பார்த்தாயிற்று.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணியிடம் சொன்னேன். ஒரு நாள்கூடத் தள்ளவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் ரொட்டியைக் கட்டில் மேல் வைத்தேன்.

"குட்டியைக் கேக்காதீங்க அண்ணி. திட்டாதீங்க. அவ பயந்துட்டா. நாம எல்லாருமே பயந்துதான் இருக்கோம், அது அவ தட்டுல வந்து விழுது."

கையை ஓங்குவாள் என்றுகூட நினைத்தேன். ரொட்டியை எடுத்துப் பார்த்தாள். உடைத்துப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு வேற எப்படின்னு தெரியலயே."

என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. நானும் தரையில் உட்கார்ந்தேன். நடுவில் துணிக்குவியல்.

மார்ச் 30, ஞாயிறு

ஏழு நாளாக ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள், நாலு பேரும் ஒன்றாக, ஒரே சாப்பாடு. அண்ணனுக்குத் தனி இல்லை, குட்டிக்குத் தனி இல்லை. யார் தட்டை யாரும் பார்ப்பதில்லை என்று பேச்சு. நான் பார்க்கிறேன். பார்த்துவிட்டுக் குனிந்துகொள்கிறேன். குட்டி இன்று இன்னொரு ரொட்டி கேட்டாள். அண்ணியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு போட்டாள். குட்டி பாதிதான் தின்றாள். மீதியைத் தட்டிலேயே விட்டாள்.

அண்ணன் காலை மாலை நடக்கிறான். முதல் மின்கம்பம், மூச்சு, இரண்டாவது மின்கம்பம், மூச்சு. எதிர்வீட்டு ஆள் "என்னப்பா, சிக்னலா?" என்று கேட்டாராம். "ஆமாங்க, சிவப்பு. பச்சை விழட்டும், போலாம்."

குறட்டைச் சோதனைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 4, வெள்ளி

வார்டு மெஷினில் நூற்று அறுபத்தெட்டு. அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டான், மெஷினில் ஏதாவது கழிவு இருக்கிறதா என்று. இல்லை. முழுசு.

எனக்கு எண்பத்தொன்று. பத்து வருடத்தில் முதல்முறையாக என்னை நானே நிறுத்துக்கொண்டேன். அந்தச் சீப்பு டாக்டரிடம் எனக்கும் ஒரு நாள் கேட்டு வாங்கினேன். அப்பா, அண்ணன், அடுத்தது நான் என்று சொன்னேன். "வரிசையில நிக்கிறீங்க, அவ்வளவுதான். வரிசையை விட்டு வெளிய வரலாம்" என்றார். நம்பிக்கை இல்லை. ஆனால் தேதியை எழுதிக்கொண்டேன்.

ஏப்ரல் 9, புதன்

காலை ஆறரைக்கே அண்ணியின் தையல் கம்பெனியிலிருந்து போன். அவசர ஆர்டர், உடனே வர வேண்டும். கையில் தேநீரோடு எழுந்தாள். செருப்பை மாட்டியபின் வாசலிலேயே நின்றாள். நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஏழு மணி ஊசிய நீ போட்டுடு. டாக்டர் எழுதின சீட்டு டப்பாவுலயே இருக்கு."

போய்விட்டாள். படியில் செருப்புச் சத்தம் கீழ்வரை கேட்டது. சரிபார்க்கத் திரும்பி வரவில்லை.

அண்ணன் சட்டையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தான். குட்டி பஞ்சோடு நின்றாள். சீட்டைப் படித்தேன். மருந்தின் மேல் எழுதியிருந்ததைப் படித்தேன். மறுபடி சீட்டை. கோடு வரை இழுத்தேன், வெளிச்சத்தில் பார்த்தேன், குமிழியைத் தட்டினேன், மறுபடி பார்த்தேன்.

"இன்னிக்குள்ள போட்டுடுவியாடி?"

"இரு."

அளவை வாய்விட்டுச் சொன்னேன். அண்ணன் சீட்டை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினான். போட்டேன்.

அளவு சரியாக இருந்தது.